நத்தையாறு திரும்பி வந்த வருஷம்

வைகாசி 9

எனக்கு எழுதத் தெரியாது. சொல்லத்தான் தெரியும். ஆற்று வேலைக்கு வந்தவர்கள் கரையோர வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டைக் கொடுத்து, இந்த வருஷம் முழுக்க ஆற்றில் என்ன கண்டாலும் எழுதி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தண்ணீர் ஏறினது, இறங்கினது, என்ன பறவை வந்தது, எந்தச் செடி முளைத்தது, எல்லாம் வேண்டுமாம். என் மகன் பழமலை அதை வாங்கி அரிசிக் குண்டான்மேல் மூடியாகப் போட்டான். மருமகள் சுகந்திதான் எடுத்துத் துடைத்து, நீங்கள் சொல்லுங்கள் மாமா, நான் எழுதுகிறேன் என்றாள். அவள் பால்வாடி டீச்சர். நான் பேசுகிற பேச்சை அப்படியே எழுதாமல் புத்தகத்தில் வருகிற மாதிரி மாற்றி எழுதுகிறாள். வாசித்துக் காட்டும்போது யாரோ படித்தவன் பேசுகிற மாதிரி இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்றைக்கு ஆற்றில் ஒன்றும் இல்லை.

வைகாசி 11

ஒன்றும் இல்லை என்று சொன்னால் வாசிக்கிறவர்களுக்கு எப்படிப் புரியும், முதலிலிருந்து சொல்லுங்கள் என்கிறாள் சுகந்தி. சரி.

நத்தையாறு என்று பேர் வந்ததே அது சுருண்டு சுருண்டு ஓடியதால்தான். எங்கள் ஊர் கோரைமேட்டுக்குத் தெற்கே வந்ததும் வடக்கே ஒரு பெரிய வளைவு எடுக்கும். ஊரைத் தொட்டுவிட்டுத் திரும்பி மறுபடியும் தெற்கே போய்ச் சேரும். வளைவுக்கு உள்ளே நாக்கு மாதிரி ஒரு மேடு. எனக்குக் கல்யாணமான புதிதில் பெரிய வெள்ளம் ஒன்று வந்து ஊரையே கலக்கியது. மறு வருஷம் எந்திரங்கள் வந்தன. ஆற்றுக்கு வளைவு எதற்கு, நேராக விட்டால் வெள்ளம் நிற்காமல் கடலுக்குப் போய்விடும் என்று நாக்கின் அடியில் நேராக வெட்டினார்கள். அதை வெட்டாறு என்போம். வளைவின் வாயில் மண்கரை போட்டு அடைத்தார்கள். தண்ணீர் வராத வளைவுக்குச் செத்த ஆறு என்று பேர் ஆயிற்று. செத்த ஆற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது.

வெள்ளம் நிற்காமல் போனது உண்மைதான். கூடவே கிணற்றுத் தண்ணீரும் போயிற்று. வெட்டாறு வருஷா வருஷம் தன்னைத்தானே தோண்டிக்கொண்டு இறங்கியது. மணலெல்லாம் அடித்துப்போய் இப்போது அடியில் களிதான் தெரிகிறது. கரையில் நின்று எட்டிப் பார்த்தால் கிணற்றை எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும். அக்கரையில் தென்பாளையம். அங்கேயும் ஜனங்கள் இருக்கிறார்கள்.

வைகாசி 20

பொறியாளர் ஜெபராணி வந்திருந்தார். சின்ன உருவம், தெற்கத்திப் பேச்சு. அடைத்த வாயைத் திறக்கப் போகிறார்களாம். வளைவில் ஆறு மறுபடி ஓடினால் மெதுவாகப் போகும், மெதுவாகப் போனால் நிலத்தில் ஊறும், வெள்ளம் வந்தாலும் பரவிப் படுத்துக்கொள்ள இடம் இருக்கும் என்றார். எத்தனை ஆழம் தோண்டுவீர்கள் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதைச் சுகந்தி அப்படியே எழுதட்டும்.

"நாங்க தோண்டல ஐயா. வாயை மட்டும் தொறந்து விடுவோம். எங்க ஆழம் வேணும், எங்க மேடு வேணும்ங்கிறத ஆறே பாத்துக்கிடும்."

நல்ல பேச்சாக இருந்தது. ஆனால் செத்த ஆற்றில் நிலம் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் சம்மதிக்க வேண்டும். பதிலுக்கு ஆற்றைவிட்டுத் தள்ளி மேட்டில் நிலம் தருவார்கள்.

ஆனி 2

பள்ளிக்கூடத்தில் கூட்டம். முதலில் யார் என்று கேட்டதும் எல்லாரும் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து போய்க் கைநாட்டு வைத்தேன். மை காய்வதற்குள் ஊரே சிரித்தது. கெழவனுக்கு எடுத்துக்கொண்டு போக ஒன்றும் இல்லை, அதனால் விட்டுவிட்டுப் போகிறான் என்று ஒருவன் சொன்னான்.

ஆனி 3

பழமலை பேசவில்லை.

ஆனி 4

பேசினான். பேசாமலே இருந்திருக்கலாம். அந்த நிலம் அவன் உழைத்த நிலம். கோடைக்குக் கோடை ஏரி வண்டல் அடித்து, மற்றவர்கள் நிலத்தைவிட இடுப்பு உயரம் தூக்கி வைத்திருக்கிறான். ஆழ்குழாய்க் கிணறு போட்டிருக்கிறான். கடலை அங்கே விளைகிற மாதிரி வேறு எங்கும் விளையாது. மேட்டில் தருகிற நிலத்தில் கல்தான் முளைக்கும் என்றான். எல்லாம் நியாயம். வாசல்வரை போனவன் திரும்பிக் கேட்டான்.

"அத்த சொன்ன சொல்லுக்காகவாப்பா எங்க வயித்துல அடிக்கிற?"

அதெல்லாம் இல்லை, நிலமும் கிழடு நானும் கிழடு, இரண்டு பேரும் ஓய்வெடுக்கிறோம் என்றேன். அவன் நம்பவில்லை.

சுகந்தி பேனாவை வைத்துவிட்டு, அவருடைய அத்தை என்ன சொன்னார்கள் என்று கேட்கிறாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. ஒன்றும் சொல்லவில்லை, எழுதாதே என்றேன்.

(எழுத வேண்டாம் என்றார். எழுதிவிட்டேன். – சுகந்தி)

ஆனி 22

சம்மதம் எல்லாம் வந்துவிட்டது. ஒருவன் வைத்தால் மற்றவனுக்கும் கை வருகிறது.

வெட்டாற்றில் வேலை ஆரம்பம். சிமெண்டு இல்லை, கருங்கல் இல்லை. பனந்துண்டுகளை வரிசையாக முளையடித்து, நடுவில் காய்ந்த மிலாறுக் குச்சிகளைக் கட்டுக்கட்டாகத் திணித்துக் கட்டுகிறார்கள். இப்படி ஐந்தாறு வரிசை. தண்ணீர் முழுக்க நிற்காது, இடறி இடறிப் போகும். இடறுகிற இடத்தில் மணலைப் போட்டுவிட்டுப் போகும் என்கிறார்கள். வேடிக்கை பார்க்க வந்தவன் ஒருவன், ஆத்துக்கு வேலி கட்டறாங்கய்யா, ஆடு மேஞ்சிடப் போவுதுன்னு என்றான். எனக்கும் சிரிப்பு வந்தது.

அக்கரையில் ஒரு கிழவி ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டைப் பார்க்கவே இல்லை. முளையடிக்கிறதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் கை வைத்து ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிற நிலை.

யார் மாமா அது என்றாள் சுகந்தி. எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்றேன்.

ஆடி 3

காற்று. நாணல் நடுகிற பெண்களோடு சுகந்தியும் போனாள். தூசி.

ஆடி 18

பெருக்குக்குக் கும்பிட ஆற்றில் தண்ணீர் இல்லை. குழாயடியில் மஞ்சள் பிள்ளையார் வைத்துக் கும்பிட்டோம். சுகந்தி காப்பரிசியில் ஒரு கை எடுத்து இலையில் வைத்து, இது அக்கரைக்கு என்றாள். அவளிடம் மறைத்துப் பயன் இல்லை. சொல்கிறேன், எழுதிக்கொள்.

என் அக்கா பேர் தையல்நாயகி. எங்கள் அம்மா நான் பால் மறக்கும் முன்பே போய்விட்டாள். அக்காதான் தூக்கி வளர்த்தாள். அப்போது வளைவில் ஆறு ஓடியது. கோடையில் தண்ணீர் ஒதுங்கி மணல் வெளியே வந்ததும் அதில் வெள்ளரி போடுவார்கள். மணலில் ஈரம் தட்டுகிற வரைக்கும் குழி பறித்து, ஆட்டெரு போட்டு, விதை ஊன்றி, வெயில் படாமல் பனைமட்டை சாய்த்து வைக்க வேண்டும். அக்கா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே குழி பறிப்பாள். முதல் காயைக் காம்புப் பக்கம் அறுத்து, அறுத்த துண்டாலேயே தேய்த்து, கசப்பு நுரையாக வந்ததும் துடைத்துவிட்டு எனக்குக் கொடுப்பாள். என்னை அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டேய் என்றால் நான்.

தென்பாளையத்தில் அவளைக் கட்டிக்கொடுத்தோம். நாக்கு மேட்டின் அடியில் அவளுக்கு ஒரு கொல்லை இருந்தது. எந்திரம் வந்தபோது நேர்வெட்டு அவள் கொல்லை நடுவே போயிற்று. எள் பூத்து நின்றது. பூவோடு புரட்டினார்கள். அவள் புருஷன் அலைந்து பார்த்தார், மாற்று நிலம் வரும் வரும் என்றார்கள், வரவில்லை. அதே வருஷம்தான் எனக்குச் செத்த ஆற்றில் துண்டு கிடைத்தது. நான் கேட்கவில்லை, கொடுத்தார்கள். அவள் கொல்லையைத் தின்ற ஆறு விட்டுப்போன இடம் அது.

அன்றைக்கு அவள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். படி ஏறவில்லை. கீழே நின்றே சொன்னாள்.

"உன் நெலத்துக்கு ஆறு வர்ற அன்னைக்கு நான் இந்தப் படி ஏறுறேன். என் மண்ணு வெளிய தெரியிற அன்னைக்கு நீ வந்து மிதி. அதுவரைக்கும் நீ இங்க, நான் அங்க."

நடக்கவே நடக்காது என்பதால் சொன்னது. கோபத்தில் சொல்கிறவர்கள் மறந்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் சொன்னால் சொன்னதுதான். என் வீட்டுக்காரி தவறியபோது அக்கா வெட்டாற்றின் அக்கரை வரைக்கும் வந்து, அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். பாட்டு முழுக்க இந்தப் பக்கம் கேட்டது. அவள் புருஷன் போனபோது பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை நான் கரையில் நின்று இன்னொருத்தர் கையில் கொடுத்தனுப்பினேன். அதைத்தான் கட்டிக்கொண்டாளாம்.

இதுதான் விஷயம். பழமலை சொன்னது சரியா தப்பா என்று நீயே எழுதிக்கொள்.

ஆவணி 11

வாயைத் திறந்துவிட்டார்கள். கரையில் ஒரு வண்டி போகிற அகலத்துக்கு வெட்டி விட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். மீதியை ஆறே உடைத்துக்கொள்ளும் என்கிறார் ஜெபராணி. மேற்கே மலையில் மழையாம்.

எந்த வழியாக வரும் என்று கேட்டார்கள். மருத மரத்தை ஒட்டித்தான் வரும், அங்கேதான் ஆள் ஆழம் மடு இருந்தது, எனக்கு நேற்று மாதிரி நினைவிருக்கிறது என்று அடித்துச் சொன்னேன்.

ஆவணி 15

ஆறு வந்தது.

காலையில் மேற்கே கொக்குக் கூட்டம் தாழப் பறந்தது. அப்புறம் சலசலப்பு. தண்ணீரின் சத்தம் இல்லை அது, காய்ந்த சருகெல்லாம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வருகிற சத்தம். பழுப்பு நிறத்தில் ஒரு நாக்கு, மேலே நுரையும் எறும்பும் பிள்ளைப்பூச்சியும் மிதக்க, மாடு மோந்து பார்த்துக்கொண்டு வருகிற மாதிரி வந்தது. ஒரு பள்ளத்தைக் கண்டால் நின்று நிரப்பிவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தது. பெண்கள் குலவை போட்டார்கள். ஜெபராணி செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதன் கூடவே நடந்தார்.

மருத மரத்துப் பக்கம் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மடு இருந்த இடமெல்லாம் எப்போதோ தூர்ந்துவிட்டது போல. எனக்கு இருக்கிற நினைவு ஆற்றுக்கு இல்லை.

ஒவ்வொரு துண்டாக ஏறியது. என் துண்டுக்கு வந்தது. வரப்பை முட்டியது. இரண்டாகப் பிரிந்து, இந்தப் பக்கம் பாதியும் அந்தப் பக்கம் பாதியுமாகச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

பழமலை அடித்த வண்டல். இடுப்பு உயரம்.

ஆவணி 16

செத்த ஆறு முழுக்கத் தண்ணீர், நடுவில் என் நிலம் மட்டும் தீவு. கடலைச் செடி பச்சைப் பசேல் என்று நிற்கிறது. பழமலை இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். மாதக்கணக்காகச் சிரிக்காதவன் சிரித்தான்.

"ஆறே நம்ம நெலம் வேணாம்னுடுச்சுப்பா."

ஆவணி 18

பால்காரர் சுந்தரேசன் இரண்டு கரைக்கும் பாலம் சுற்றிப் போய் வருகிறவர். பாலை ஊற்றிக்கொண்டே, தென்பாளையத்தில் ஒரு கிழவி என்னை நிறுத்திக் கேட்டுச்சு என்றார். என்ன கேட்டது என்றேன். அவன் நிலத்தில் ஏறிச்சா என்று கேட்டதாம். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றேன். இல்லை, சுத்திக்கினு போயிடுச்சு என்று சொன்னாராம். அதைக் கேட்டுக் கிழவி ஆட்டைத் திட்டிக்கொண்டு போய்விட்டதாம்.

கேட்டிருக்கிறாள். அப்படியென்றால் மறக்கவில்லை.

ஆவணி 21

இதைச் சொல்லலாமா என்று யோசித்துத்தான் சொல்கிறேன். விடியற்காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். தண்ணீர் வடிந்து தொடையளவு இருந்தது. என் நிலத்து மேற்கு வரப்பில் ஒரு வெட்டு, அங்கிருந்து உள்ளே ஒரு வாய்க்கால் இழுத்தேன். மூச்சு வாங்கியது. விடிகிற நேரம் தண்ணீர் உள்ளே வந்தது. வெட்டிய கால் வழியாக, கடலைப் பாத்திக்கு நடுவில், சமர்த்தாக வந்து என் காலடியில் நின்றது.

உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்நாள் முழுக்க மடை திறந்து தண்ணீர் கட்டியவன் நான். இது நான் கட்டிய தண்ணீர். வா என்றால் வருகிறது, போ என்றால் போகிறது. இதை ஆறு வந்தது என்று நான் சொன்னால் ஊர் நம்பும். அவள் நம்ப மாட்டாள். சின்ன வயதில் நான் பல் தேய்க்காமல் தேய்த்தேன் என்றால் வாயைக்கூடத் திறக்கச் சொல்ல மாட்டாள், முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

எழுந்து வெட்டை மூடிவிட்டு வந்தேன்.

சேறு எப்படி ஆயிற்று என்று சுகந்தி கேட்டாள். வழுக்கி விழுந்தேன் என்றேன். வேட்டியை வாங்கிக்கொண்டு போய் ஊறவைத்தாள். இப்போதுதான் தெரியும் அவளுக்கு.

புரட்டாசி 6

கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது. கயிறு மிச்சப்படுகிறது.

புரட்டாசி 19

நத்தைகுத்தி நாரைகள் வந்திருக்கின்றன. எங்கிருந்துதான் தெரியுமோ. பின்னாலேயே நத்தையும் வந்துவிட்டது, இல்லை நத்தை முன்னால் வந்து இவை பின்னால் வந்தனவா தெரியவில்லை. பையன்கள் கெளுத்தி பிடிக்கிறார்கள். பழமலை கடலை பிடுங்கி முடித்தான். நல்ல கண்டுமுதல். இந்த நிலம் கைவிட்டுப் போகவில்லை என்று அவனுக்கு நினைப்பு. மனசார அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவன் சாக்கு தைக்கிறபோது அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன்.

ஐப்பசி 10

மழை பிடித்துக்கொண்டது. சுகந்தி, இன்று மழை என்று மட்டும் எழுது.

ஐப்பசி 14

மழை.

கார்த்திகை 5

பெரிய வெள்ளம். எந்திரம் வருவதற்கு முன்னால் வந்ததே, அதற்குச் சமம் என்பேன். ஆனால் ஊருக்குள் வரவில்லை. வளைவு முழுக்க, நாக்கு மேட்டின் மேலேயும், இரண்டு பக்கத்துப் படுகையிலும் பரந்து படுத்துக்கிடக்கிறது. வெட்டாற்றில் ஓடுகிற வேகம் எல்லாம் இங்கே வந்து தளர்ந்துவிடுகிறது. ஊர் ஜனம் கரையில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஓட வேண்டிய அவசியம் இல்லாத வெள்ளத்தை இந்தத் தலைமுறை இப்போதுதான் பார்க்கிறது.

என் நிலத்தின் மேற்கு ஓரம் மட்டும் இடிந்து இடிந்து விழுகிறது. நான் வெட்டி மூடிய இடம் இல்லை, அதற்குத் தள்ளி. தொப்பு தொப்பு என்று சத்தம் வீடு வரைக்கும் கேட்கிறது. பழமலை வெளியே போய் நிற்பதும் உள்ளே வருவதுமாக இருக்கிறான்.

கார்த்திகை 6

விடிந்து பார்த்தால் நிலம் இல்லை. ஆழ்குழாயின் இரும்புக் குழாய் மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது.

பழமலை என் பக்கத்தில் வந்து நின்றான். திட்டப் போகிறான் என்று நினைத்தேன். தலையில் இருந்த சாக்கை எடுத்து என் தலையில் போட்டான். "நனையாத. உள்ள வா. அத்த வந்தா நீ காய்ச்சல்ல கெடக்கப் போற." அவ்வளவுதான் சொன்னான்.

கார்த்திகை 9

வாசற்படியைக் கழுவச் சொன்னேன். சுகந்தி கோலமும் போட்டாள். கருப்பட்டி வாங்கி வைத்திருக்கிறோம்.

கார்த்திகை 15

தெருவில் நாய் குரைத்தது. ரேஷன் கடைக்காரர்.

கார்த்திகை 28

சுந்தரேசன் பால் கொண்டுவந்தார். தென்பாளையம் எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றார். கிழவிகள் எல்லாம் நன்றாக இருக்கிறார்களா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மார்கழி 4

படியைத் தினமும் கழுவ வேண்டாம், பாசி பிடிக்கிறது என்று சுகந்தி சொன்னாள். சரி என்றேன்.

மார்கழி 17

இன்றைக்கு ஒன்றும் இல்லை. ஆறு ஓடுகிறது. நன்றாகத்தான் ஓடுகிறது.

ஒரு சொல்லை எத்தனை வருஷம் வைத்திருக்க முடியும்? வைத்திருக்கலாம். ஆனால் சொன்னவளுக்கு வயசாகிவிட்டால் சொல்லுக்கும் வயசாகிவிடுமோ என்னவோ. இந்த ஊரில் பெரிசு என்கிறார்கள், ஐயா என்கிறார்கள், தாத்தா என்கிறார்கள். மரியாதைக்குக் குறைவில்லை.

சுகந்தி, கடைசி வரியை அடித்துவிடு.

மார்கழி 29

அவர்கள் வராவிட்டால் நாம் போய்ப் பார்க்கலாமே மாமா, பாலம் சுற்றிப் போனால் பஸ் இருக்கிறதே என்கிறாள் சுகந்தி. பஸ் இல்லாமலா இத்தனை வருஷம் போகவில்லை. அவள் வருவது அவள் சொன்னது. நான் போவதற்கும் ஒன்று சொல்லியிருக்கிறாள். என் நிலம் எப்போது முழுகும் என்றே பார்த்துக்கொண்டிருந்ததில் அந்தப் பாதியை நான் பார்க்கவே இல்லை. ஆனாலும் அவள் மண் வெட்டாற்றின் அடியில் கிடக்கிறது. தலைக்கு மேல் தண்ணீர்.

தை 8

மழை விட்டு வெகுநாள் ஆயிற்று. ஜெபராணி வந்தார். பொங்கல் கரும்பு ஒன்று கொடுத்தோம், கையிலேயே வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். ஆறு வளைவையே பிடித்துக்கொண்டதாம். வெட்டாற்றுக்குப் போகிற தண்ணீர் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டதாம். முளை கட்டிய இடத்தில் எல்லாம் வெள்ளம் மணலைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறதாம். இவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்று நாங்களே நினைக்கவில்லை என்றார்.

மணலா என்று கேட்டேன். மணல்தான், பொடி மணல் என்றார். எந்த இடத்தில் என்று கேட்டேன். அவர் கை காட்டின திசையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தை 21

மேட்டு நிலத்தில் பழமலையோடு கல் பொறுக்கினேன். கல்தான் முளைக்கிறது, அவன் சொன்ன மாதிரி. கம்பு போடலாம் என்கிறான்.

மாசி 2

இன்று சாயங்காலம் நாக்கு மேட்டின் அடி வரைக்கும் மாடு ஓட்டிக்கொண்டு போனவன் வந்து சொன்னான். வெட்டாற்றில் மணல் மேடு தட்டிவிட்டது, நடுவில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை, யாரோ அங்கே குனிந்து வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்றான்.

யார் என்று நான் கேட்கவில்லை.

மாசி 3

காலையில் கஞ்சி குடித்துவிட்டுக் கிளம்பினேன். சுகந்தி கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். பழமலை கையில் ஒரு கம்பைக் கொடுத்தான்.

என் நிலம் இருந்த இடத்தில் இறங்கினேன். முழங்கால் தண்ணீர், தெளிவு. அடியில் கடலைத் தொலி இன்னும் கிடக்கிறது. குழாயைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றேன். மீன் குஞ்சுகள் காலைக் கடித்தன. அக்கரை ஏறி நாக்கு மேடு. நாணல் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது, விலக்கி விலக்கித்தான் போக வேண்டியிருந்தது. மேட்டின் மறுபக்கம் வந்ததும் வெட்டாறு.

கிணறு மாதிரி இருந்த கரை சரிந்து சாய்வாகிவிட்டது. கீழே மணல். வெள்ளை மணல், அகலமாக, வெயிலில் கண் கூசுகிற மாதிரி. ஓரத்தில் வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அவள் கொல்லை எங்கே ஆரம்பித்து எங்கே முடியும் என்று எனக்குத் தெரியும். அதே அளவுக்குத்தான், ஒரு முழம் தாண்டாமல், சின்னச் சின்னக் குழியாகப் பறித்திருந்தது. நடுவில் வெள்ளைச் சேலை குனிந்திருந்தது. முதுகு என் பக்கம்.

அக்கா என்று கூப்பிட வேண்டும். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கம்பை ஊன்றிக்கொண்டு மணலில் ஓர் அடி எடுத்து வைத்தேன்.

அவள் திரும்பவில்லை.

"டேய். பாத்துக் கால வையி. வெள்ளரி போட்டிருக்கேன்."

தூக்கின காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றேன்.

அப்புறம் திரும்பி, கண்ணுக்கு மேல் கையை வைத்து என்னைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். பல் இல்லை. மற்றபடி அவள்தான்.

"கார்த்திகையிலயே பாத்தேன், உன் நெலம் முழுவுனத. வரணும்னுதான்டா கெளம்புனேன். முட்டி வரல. படி ஏற ஒத்துக்கல." மணல் கையை முந்தானையில் துடைத்தாள். "வெறுங்கையோடவா வந்த? நாளைக்கு வர்றப்ப பனமட்ட வெட்டிக்கினு வா. நெழலு இல்லாம வெத கருகிடும்."

சுகந்தி, பழமலையிடம் அரிவாளைத் தீட்டி வைக்கச் சொல்.